வழக்கும் வழிமுறையும்

நுழையும்முன்

தீர்ப்பு என்பது ஒரு நாளில் படிக்கப்படுவது. அதற்கு முன்னே பல நாள்கள் நடப்பது விசாரணை. தீர்ப்பின் நேர்மை விசாரணையின் நேர்மையில் அடங்கியிருக்கிறது. யார் முதலில் பேச வேண்டும், எதைச் சான்றாகக் காட்ட வேண்டும், எதிர்த்தரப்பார்க்கு எவ்வளவு காலம் தரவேண்டும் என்பன வெறும் அலுவலக ஒழுங்குகள் போலத் தோன்றும். அவற்றில் ஒன்று தவறினாலும் ஒருவரின் நிலமோ உயிரோ பறிபோகக்கூடும். வழக்குகள் செல்லும் வழியையும், அவ்வழி வகுக்கப்பட்டதன் காரணத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

இலக்கியம் காட்டும் இரு வழக்குகள்

தமிழிலக்கியத்தில் புகழ்பெற்ற வழக்குகள் இரண்டு உண்டு. ஒன்று சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வருவது. மற்றொன்று இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் வருவது.

மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை, ‘இவன் எனக்கு அடிமை’ என்று சொல்லி முதியவர் ஒருவர் தடுக்கிறார். சான்றாக ஓர் ஓலையையும் காட்டுகிறார். சினங்கொண்ட சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அவையோர் முதியவரின் கோரிக்கையைக் கேட்கின்றனர். சுந்தரரின் மறுப்பையும் கேட்கின்றனர். கோரியவரே தம் கூற்றை மெய்ப்பிக்க வேண்டும் என்கின்றனர். ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூவகைச் சான்றுகள் அங்கே பேசப்படுகின்றன. ஆட்சி என்பது நெடுங்கால வழக்கம். ஆவணம் என்பது எழுத்துச் சான்று. காட்சி என்பது நேரில் கண்டவர் கூறும் சாட்சியம். கிழிந்தது படியோலையே என்று கூறி முதியவர் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். சுந்தரரின் பாட்டனார் எழுதியதாக அதில் கண்டிருக்கிறது. அவையோர் அதை அப்படியே ஏற்றுவிடவில்லை. அப்பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வரவழைத்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். எழுத்து ஒத்திருந்த பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர்.

மதுரையில் நடந்ததோ வேறு. அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லனே, கோவலன்மீது அப்பழியைச் சுமத்துகிறான். பாண்டியன் கோவலனை அழைத்துக் கேட்கவில்லை. சிலம்பை வாங்கிப் பார்க்கவும் இல்லை. காவலருள் சிலர்க்கு இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயத்தைக் கேட்கவும் அங்கே அவை இல்லை. காவலன் ஒருவனின் வாள் முந்திவிடுகிறது. விசாரணை, கோவலன் இறந்த பிறகுதான் தொடங்குகிறது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி உரைக்க, அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று மன்னன் ஒப்புக்கொள்ள, சிலம்பு உடைக்கப்படுகிறது. சான்று தெளிவானது, ஆனால் தீர்ப்பைத் திருத்த இயலவில்லை.

பாண்டியன் கொடியவன் அல்லன். தவறு உணர்ந்தவுடன் உயிர்விட்ட அறவோன். ஆயினும் நல்ல மனம் மட்டும் நீதிக்குப் போதாது. நெறியும் வேண்டும் என்பதற்கு அவனே சான்றாகிறான். முதல் வழக்கில் வழிமுறை தீர்ப்பைத் தாங்கியது. இரண்டாம் வழக்கில் வழிமுறை இல்லாமையால் ஊரே எரிந்தது.

உரிமையியலும் குற்றவியலும்

இக்கால நீதிமன்றங்களுக்கு வரும் வழக்குகளை உரிமையியல் வழக்கு, குற்றவியல் வழக்கு என இரண்டாகப் பகுப்பர். நிலம், கடன், ஒப்பந்தம், பாகப்பிரிவினை, வாடகை போன்றவற்றில் இருவருக்கிடையே எழும் உரிமைப் பூசல் உரிமையியல் வழக்கு. அதைத் தொடுப்பவர் வாதி, எதிர்கொள்பவர் பிரதிவாதி. களவு, காயம், கொலை, மோசடி போன்றவை தனியொருவர்க்கு எதிராக நிகழ்ந்தாலும், சமுதாயம் முழுமைக்கும் எதிரான தீங்காகக் கருதப்படும். எனவே, குற்றவியல் வழக்கைப் பெரும்பாலும் அரசே நடத்துகிறது. எதிரில் நிற்பவர் ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ எனப்படுவார். தீர்ப்பு வரும்வரை அவரைக் ‘குற்றவாளி’ என்று அழைத்தல் தவறு.

இரண்டுக்கும் தனித்தனி நடைமுறைச் சட்டங்கள் உள்ளன. உரிமையியல் வழக்குகளுக்கு 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1909 சனவரி முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது. குற்றவியல் வழக்குகளுக்கு 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அரை நூற்றாண்டு வழிகாட்டியது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று கூறுவது ஒருவகைச் சட்டம். அக்குற்றத்தை எவ்வாறு விசாரிப்பது என்று கூறுவது நடைமுறைச் சட்டம்.

உரிமையியல் வழக்கின் படிகள்

உழவர் இருவரின் வயல்களுக்கு இடையே ஒரு வரப்பு இருக்கிறது. ஒருவர் அதை ஓரடி தள்ளிப் போட்டுவிட்டார் என்பது மற்றவரின் முறையீடு. பேசிப் பார்த்தும் தீரவில்லை. இனி அவர் செய்யத்தக்கது என்ன?

முதற்படி, உரிய நீதிமன்றத்தைத் தேர்தல். நிலம் பற்றிய வழக்கை, அந்நிலம் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் அமைந்துள்ளதோ அங்கேயே தொடுக்க வேண்டும். காலவரம்பும் கருதத்தக்கது. கொடுத்த கடனை மீட்கும் வழக்கைப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். நிலத்தின் உடைமையை மீட்கும் வழக்குக்கு 12 ஆண்டுகள் வரம்பு. சாட்சிகள் மறைவதற்கும் ஆவணங்கள் அழிவதற்கும் முன்னரே பூசல் அவைக்கு வரவேண்டும் என்பதே இவ்வரம்பின் கருத்து.

இரண்டாம் படி, வழக்குரை அளித்தல். யார், யார்மீது, எந்த நிகழ்ச்சியின் பேரில், என்ன தீர்வு கோருகிறார் என்பதை வழக்குரை தெளிவாகக் கூற வேண்டும். நீதிமன்றக் கட்டணம் செலுத்த இயலாத வறியவர், தம் நிலையை மெய்ப்பித்து, கட்டணமின்றி வழக்குத் தொடுக்க அனுமதி பெறலாம்.

மூன்றாம் படி, அழைப்பாணை. வழக்குத் தொடுக்கப்பட்ட செய்தி பிரதிவாதிக்கு முறைப்படி சென்று சேர வேண்டும். அவர் 30 நாள்களுக்குள் தம் எதிருரையை அளித்தல் வேண்டும். தக்க காரணம் இருப்பின் 90 நாள்வரை நீதிமன்றம் நீட்டித்துத் தரலாம். அழைப்பாணை கிடைத்தும் அவர் வராவிடில் ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்படலாம். ஆனால், அழைப்பாணை முறையாகச் சேரவில்லை என்றோ, தக்க காரணத்தால் வர இயலவில்லை என்றோ அவர் மெய்ப்பித்தால் அத்தீர்ப்பு நீக்கப்பட்டு வழக்கு மீண்டும் கேட்கப்படும்.

நான்காம் படி, எழுவினா வனைதல். வாதி கூறியவற்றுள் பிரதிவாதி ஒப்புக்கொண்டவை எவை, மறுப்பவை எவை என்று நீதிபதி பிரித்தறிவார். மறுக்கப்பட்டவை மட்டுமே வினாக்களாக எழுதப்படும். ‘வரப்பு நகர்த்தப்பட்டதா? ஆம் எனில் எவ்வளவு?’ என்பது போன்ற வினாக்களைச் சுற்றியே பின்னர் விசாரணை நடைபெறும். தொடர்பற்ற பழைய பகைகளைப் பேசிக் காலத்தைக் கழிக்க அங்கு இடமில்லை.

ஐந்தாம் படி, சாட்சியம். ஒரு தரப்பின் சாட்சியை அத்தரப்பின் வழக்கறிஞர் முதலில் விசாரிப்பார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். பட்டா, பத்திரம், நில அளவை வரைபடம் முதலியன ஆவணச் சான்றுகளாகும். தேவைப்படின் நீதிமன்றம் ஆணையர் ஒருவரை அனுப்பி நிலத்தை நேரில் பார்த்து அறிக்கை பெறலாம். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் இரண்டு ஓலைகளை ஒப்பிட்டதன் தொடர்ச்சியாகவே இவற்றைக் காணலாம்.

இறுதியில் இருதரப்பு வாதங்களையும் கேட்டு நீதிபதி காரணங்களோடு தீர்ப்பு எழுதுவார். காரணம் கூறாத தீர்ப்பு கட்டளையாகலாம், நீதியாகாது. தோற்றவர் எதனால் தோற்றார் என்று அறிந்தால்தான் மேல்முறையீடு செய்ய இயலும். முதல் மேல்முறையீட்டில் நிகழ்ச்சிகளையும் சட்டத்தையும் மீண்டும் ஆராயலாம். உயர் நீதிமன்றத்தில் செய்யும் இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்ட வினா ஒன்றேனும் இருத்தல் வேண்டும். முடிவாகத் தீர்க்கப்பட்ட அதே பூசலை அதே தரப்பினர் மீண்டும் புது வழக்காகத் தொடுத்தல் இயலாது. அதனை ‘முன்தீர்ப்புத் தடை’ என்பர். பூசலுக்கு ஒரு முடிவு இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை.

தெரிந்து தெளிவோம்

கடன் வழக்கில் தோற்றவரின் உடைமையை நீதிமன்றம் கைப்பற்றி விற்கலாம். எனினும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சில பொருள்களைத் தொடக்கூடாது என்கிறது. உடுக்கும் உடை, சமைக்கும் கலம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவையான மாடு, விதைநெல் ஆகியன அவற்றுள் அடங்கும். கடனைத் தீர்க்கச் செய்வது சட்டத்தின் கடமை. கடன்பட்டவரின் அடுப்பை அணைப்பது அதன் நோக்கமன்று.

குற்றவியல் வழக்கின் படிகள்

ஒரு நகைக்கடையில் வளையல் ஒன்று காணாமற் போகிறது. அங்கு வேலை செய்யும் இளைஞர்மீது உரிமையாளர் ஐயம் கொள்கிறார். மதுரையில் நடந்ததற்கும் இன்று நடக்க வேண்டியதற்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சியின் வழியே அறியலாம்.

காவல் நிலையத்தில் அளிக்கப்படும் தகவல், முதல் தகவல் அறிக்கையாகப் பதியப்படும். அதன் படி ஒன்று தகவல் தந்தவர்க்குக் கட்டணமின்றித் தரப்பட வேண்டும். குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். ‘இது எங்கள் எல்லையில் வராது’ என்று திருப்பி அனுப்புதல் கூடாது.

கைது என்பது காவல் துறையின் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. கைதுக்கான காரணத்தை உடனே தெரிவித்தல் வேண்டும். உறவினர்க்கோ நண்பர்க்கோ செய்தி சொல்லப்பட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்தல் வேண்டும். தனிச்சூழல் இன்றிக் கதிரவன் மறைந்த பின்னரும் எழும் முன்னரும் பெண்களைக் கைது செய்தல் ஆகாது. இவற்றுட் சில அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவே தரும் உரிமைகளாகும்.

நடுவர்முன் நிறுத்துவது ஏன்? கைது செய்தவரே கைது சரியானதா என்று முடிவு செய்யலாகாது. அதனைச் சாராத ஒருவர் பார்த்தல் வேண்டும். கைதானவரின் உடலில் காயம் உண்டா, அவர்க்கு வழக்கறிஞர் இருக்கிறாரா, காவலில் வைத்தல் உண்மையில் தேவையா என்பவற்றை நடுவர் நேரில் அறிகிறார். கோவலனுக்குக் கிடைக்காத முதல் வாய்ப்பு இதுவே.

புலனாய்வுக்கும் காலவரம்பு உண்டு. மரண தண்டனை, வாழ்நாள் சிறை, பத்தாண்டும் அதற்கு மேலும் சிறை ஆகியவற்றுக்குரிய குற்றங்களாயின் 90 நாள்களுக்குள்ளும், பிறவாயின் 60 நாள்களுக்குள்ளும் காவல் துறை இறுதி அறிக்கையை அளித்தல் வேண்டும். அளிக்கத் தவறின், பிணை கொடுக்க முன்வரும் கைதியை விடுவித்தே ஆக வேண்டும். இது நீதிமன்றம் காட்டும் இரக்கமன்று, கைதியின் உரிமை.

அறிக்கை வந்ததும் அதன் படிகளும் சாட்சியரின் வாக்குமூலங்களும் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்குத் தரப்படும். எதனை எதிர்கொள்கிறோம் என்று அறியாதவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது. பிறகு நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைந்து படித்துக் காட்டும். அவர் மறுப்பாராயின் அரசுத் தரப்புச் சாட்சிகள் விசாரிக்கப்படுவர். குறுக்கு விசாரணையும் நடைபெறும். அதன்பின், தமக்கு எதிராக வந்த ஒவ்வொரு சான்றையும் பற்றி அவர் விளக்கம் கூற வாய்ப்பளிக்கப்படும். ‘இந்தச் சிலம்பு உனக்கு எப்படிக் கிடைத்தது?’ என்ற ஒரு வினாவை மதுரையில் எவரேனும் கேட்டிருந்தால் காப்பியத்தின் போக்கே மாறியிருக்கும்.

அவர் பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு. தமக்கு எதிராகத் தாமே சாட்சியாகுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. ஒரே குற்றத்திற்காக ஒருவரை இருமுறை வழக்கிட்டுத் தண்டிக்கவும் கூடாது. இவ்விரண்டும் அரசமைப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் உள்ளன. அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதனை நிறைவேற்ற முடியாது. உயிரைப் பறிக்கும் ஆணை ஒருவர் வாயோடு முடிந்துவிடலாகாது என்பதால் இவ்விதி வகுக்கப்பட்டது.

மெய்ப்பிக்கும் அளவு

உரிமையியல் வழக்கில் எவர் தரப்பு உண்மையாய் இருக்கக் கூடுதல் வாய்ப்புண்டோ அவர்க்குத் தீர்ப்பு அமையும். தராசின் தட்டு ஒரு பக்கம் சற்றே தாழ்ந்தாலும் போதும். குற்றவியல் வழக்கில் அவ்வளவு போதாது. நியாயமான ஐயத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும். ஐயம் எஞ்சினால் அதன் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவரைச் சேரும்.

இந்த வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. நிலத்தை இழந்தவர்க்கு மேல்முறையீட்டில் நிலத்தைத் திருப்பித் தரலாம். பணத்தை வட்டியோடு தரலாம். சிறையில் கழிந்த ஆண்டுகளைத் திருப்பித் தர இயலாது. இழப்பு எவ்வளவு பெரிதோ, சான்றும் அவ்வளவு வலிதாக இருத்தல் வேண்டும்.

வழிமுறையே நியாயமாதல்

சட்டம் வகுத்த வழிமுறை இருந்தால் மட்டும் போதுமா, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டுமா என்ற வினா உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. ஏ.கே.கோபாலன் சென்னை மாநிலத்திற்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சட்டமன்றம் வகுத்த வழிமுறை ஒன்று இருந்தால் போதும் என்ற பொருளில் 1950இல் தீர்ப்பு வந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் அக்கருத்து மாறியது. ஒருவரின் வாழ்வுரிமையையோ தனிமனித விடுதலையையோ கட்டுப்படுத்தும் வழிமுறை நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் அறிவுக்கு ஒத்ததாகவும் இருத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

அடுத்த ஆண்டே இக்கொள்கைக்கு ஒரு சோதனை வந்தது. பீகார் மாநிலச் சிறைகளில் விசாரணை தொடங்காமலேயே பல ஆண்டுகளாக அடைபட்டிருந்த ஏழைகளைப் பற்றி நாளிதழில் செய்தி வெளியானது. அதனை அடிப்படையாகக் கொண்டு வழக்கறிஞர் கபிலா இங்கோரானி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அதுவே உசைனாரா காத்தூன் வழக்கு. சுமத்தப்பட்ட குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உச்ச தண்டனையைவிடக் கூடுதலான காலம் சிலர் சிறையில் கழித்திருந்தனர். பிணைத்தொகை கட்ட வழியில்லை. வாதாட வழக்கறிஞர் இல்லை. அவர்களைச் சொந்தப் பிணையில் விடுவிக்க நீதிமன்றம் ஆணையிட்டது. விரைவான விசாரணை வாழ்வுரிமையின் கூறு என்றும் தெளிவுபடுத்தியது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். வழிமுறையை மீறுவதாலும் அநீதி நிகழும். வழிமுறையை இழுத்தடிப்பதாலும் அநீதி நிகழும். பாண்டியன் ஒரு நொடியில் முடிவு செய்தான். பீகார்ச் சிறைகளில் பல்லாண்டுகளாகியும் முடிவே இல்லை. இரண்டிலும் குற்றஞ்சாட்டப்பட்டவரை ஒருவரும் கேட்கவில்லை.

இன்று, உச்ச தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவர் பிணைக்குத் தகுதி பெறுகிறார். முதன்முறையாகக் குற்றஞ்சாட்டப்பட்டவராயின் மூன்றில் ஒரு பங்கு கழிந்தாலே போதும். மரண தண்டனைக்கோ வாழ்நாள் சிறைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. உரிமையியல் வழக்கிலும் ஒரு தரப்பிற்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரலாகாது என்பது பொதுவிதி. எனினும் விதி ஏட்டில் இருப்பதும் நடப்பில் இருப்பதும் வேறு வேறு. தேங்கிக் கிடக்கும் வழக்குகளே அதற்குச் சான்று.

பணமில்லாதவர்க்கும் அவையின் கதவு திறக்க வேண்டும் என்பதற்காகச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர், வரம்புக்குட்பட்ட வருவாய் உடையோர் ஆகியோர் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி பெறலாம். இருதரப்பும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் பூசலைத் தீர்த்துக்கொள்ளலாம். அங்கு எட்டப்படும் தீர்வுக்கு எதிராக மேல்முறையீடு இல்லை.

அவையின் முன் ஒரு சொல்

நடைமுறை விதிகளைக் குற்றவாளி தப்பிக்கும் சந்துகள் என்று எண்ணுவோர் உளர். ஒரு கொடுஞ்செயல் நடந்தவுடன், ‘விசாரணை எதற்கு? உடனே தண்டிக்க வேண்டியதுதானே?’ என்ற குரலும் எழுவதுண்டு. அக்குரலின் சினம் இயல்பானது. ஆனால், பொற்கொல்லன் வேண்டியதும் அதுவே. விசாரணையின்றி உடனடித் தண்டனை கிடைத்தமையால் பயன்பெற்றவன் உண்மைக் கள்வனே ஆவான். விசாரணை நடந்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்; கள்வனும் அகப்பட்டிருப்பான்.

வழக்கு நெறிகள் குற்றவாளியைக் காக்க எழுந்தவை அல்ல. குற்றவாளி யார் என்று இன்னும் தெரியாத நிலையில் அனைவரையும் காக்க எழுந்தவை. அவ்வனைவருள் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரும் இருக்கிறார். உண்மைக் கள்வன் அகப்பட வேண்டுமென்று காத்திருக்கும் பாதிக்கப்பட்டவரும் இருக்கிறார். கண்ணகி பாண்டியனிடம் புதிய சட்டம் எதனையும் கேட்கவில்லை. சிலம்பை உடைத்துப் பார்க்கவே கேட்டாள். உடைத்துப் பார்த்த பின்னர்த் தீர்ப்பு என்பதே வழக்கு நெறிகள் அனைத்தின் சுருக்கம்.

சொல்லும் பொருளும்

வழக்குரை – வாதி தம் கோரிக்கையை எழுதி அளிப்பது
எதிருரை – பிரதிவாதி அளிக்கும் எழுத்துவழி மறுமொழி
எழுவினா – இருதரப்பும் உடன்படாத, தீர்க்கப்பட வேண்டிய வினா
வாய்தா – வழக்கை வேறொரு நாளுக்கு ஒத்திவைத்தல்

கற்பவை கற்றபின்

1. பெரியபுராணத்திலும் சிலப்பதிகாரத்திலும் வரும் வழக்குகளை ஒப்பிட்டு, பின்பற்றப்பட்ட நெறிகளையும் தவறிய நெறிகளையும் பட்டியலிடுக.
2. கோவலன் இன்றைய குற்றவியல் நடுவர் முன் நிறுத்தப்பட்டிருந்தால் நடுவர் கேட்டிருக்கக்கூடிய வினாக்களை எழுதி, வகுப்பில் நடித்துக் காட்டுக.
3. ‘தாமதமான விசாரணையும் விசாரணையின்மையும்’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.